மந்தையைப் பார்க்கத் தெரிந்தவர்கள் பொதுச் சுகாதாரத்துக்கு வேண்டும்

1998 செப்டம்பர். மலேசியாவில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பன்றி, கொசு, மூளைக்காய்ச்சல் மூன்றும் ஒரே இடத்தில் இருந்ததால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். நோய் நிற்கவில்லை.

கணக்கு எங்கே உதைத்தது என்று பாருங்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே படுத்தவர்களோ பன்றியைத் தொட்டு வேலை செய்த வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பன்றிகள் இருமின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் பன்றியின் உடம்பில் பெருகும், சினைப் பன்றி செத்த குட்டியைப் போடும். ஆனால் வளர்ந்த பன்றி நாய் குரைப்பது போல இருமுவது அந்த நோயின் குணம் இல்லை.

அது நிபா என்ற புது வைரஸ் என்று 1999 மார்ச்சில்தான் தெரிந்தது. அதற்குள் பன்றிகள் கைமாறி, நோய் நெகிரி செம்பிலான் வரை போய், சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களையும் தொட்டிருந்தது. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்தார்கள்.

கால்நடை மருத்துவம் படிக்கும் தம்பி, தங்கைகள் இந்த இருமலை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பொதுச் சுகாதார வேலை என்றால் கிளினிக் கிடைக்காதவர்கள் போகும் இடம் என்ற பேச்சு நம் வகுப்பறைகளில் இன்னும் இருக்கிறது. அது தப்பு. அது தனித் தொழில். அதற்கென்று பழக்கங்கள் உண்டு, கிளினிக்கில் கற்றதில் சிலவற்றை மறக்கவும் வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன்: நோய் பரவி முடிந்த பிறகு "கால்நடைத் துறையையும் கூப்பிடுங்கள்" என்று அழைப்பது போதாது. முதல் கூட்டத்திலேயே நமக்கு நாற்காலி வேண்டும்.

1999-ல் நியூயார்க்கிலும் இதே கதைதான். மனிதர்களின் ரத்தத்தைப் பார்த்து கொசு பரப்பும் செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்றார்கள். அதே நேரத்தில் நகரத்துக் காகங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அந்த நோய் பறவைகளை இப்படிக் கொல்லாது. பிராங்ஸ் விலங்கியல் பூங்காவின் நோய்க்குறியியல் மருத்துவர் ட்ரேசி மெக்நமாரா அங்கே செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தார். குதிரைகளுக்கு வரும் கிழக்கத்திய மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்றால், அது ஈமுக் கோழிகளைத் தப்பவிடாது. ஈமுக்கள் நன்றாக நின்றன. இரண்டு பெயரும் பொருந்தவில்லை என்று அவர் விடாப்பிடியாகச் சொன்னார். கடைசியில் அது வெஸ்ட் நைல் வைரஸ், அமெரிக்கக் கண்டத்தில் முதல்முறை. எது சாகவில்லை என்று பார்த்ததுதான் இங்கே துப்பு. பல இன உயிர்களை ஒரே பட்டப்படிப்பில் படிப்பவர்களுக்கு இந்தப் பார்வை இயல்பாக வரும்.

சரி, வேலை என்ன? ஆளுக்கொரு விதம். அரசின் நோய்க் கண்காணிப்புப் பிரிவு, ஆய்வகம், தடுப்பூசி உற்பத்தி, துறைமுக, விமான நிலையத் தனிமைப்படுத்தும் நிலையம், வனவிலங்கு நோய், நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு, உணவுப் பாதுகாப்பு, ஐ.நா. அமைப்புகள். இவற்றில் யாரும் விரும்பாத ஒன்றைப் பற்றித்தான் கொஞ்சம் நிறுத்திப் பேச ஆசை. இறைச்சிக்கூடம்.

நோய் எப்படிப் பரவுகிறது என்று ஆராயும் நோய்ப்பரவியலைக் கற்க இறைச்சிக்கூடத்தை விட நல்ல பள்ளி இல்லை என்பது என் உறுதியான கருத்து. நோய் வந்ததாக யாருமே சொல்லாத நூற்றுக்கணக்கான உடல்களை ஒரே நாளில் திறந்து பார்க்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்? மாட்டில் தொண்டைக்குப் பின்னால் இருக்கும் நிணநீர் முடிச்சு, மூச்சுக்குழல் பிரியும் இடத்து முடிச்சு, நெஞ்சு நடுவிலிருக்கும் முடிச்சு, இவற்றை மெல்லிய துண்டுகளாக அரிந்து பார்க்க வேண்டும். காசநோய் இருந்தால் மஞ்சளாக, பாலாடைக்கட்டி போலத் திரண்டிருக்கும், கத்தியில் மணல் உரசுவது போல நறநறக்கும். தாடைத் தசையை எலும்புக்கு இணையாகக் கீறி நாடாப்புழுக் கொப்புளம் தேட வேண்டும். பிறகு நாக்கு, இதயம்.

எங்கே கெடும்? முதலில் வெளிச்சம். பரிசோதிக்கும் இடத்தில் 540 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்பது பரவலாக ஏற்ற அளவு. மங்கலான மூலையில் ஆரம்பக் கட்டியைக் கண்டுபிடிக்கவே முடியாது. அடுத்தது கத்தி. 82 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் முக்காமல் அடுத்த உடலுக்குப் போனால், ஒரு முடிச்சில் இருந்ததைப் பத்து உடல்களுக்கு நாமே தடவிவிடுவோம். மூன்றாவது, என் பார்வையில் மிகப் பெரியது: அடையாள எண். காதுத் தோடு தோலோடு போய்விட்டால் கண்டுபிடித்த காசநோய் எந்தப் பண்ணையுடையது என்று சொல்ல வழியில்லை. இறைச்சியை ஒதுக்கியதோடு வேலை முடிந்ததாக எழுதிவிடுவார்கள். அந்தப் பண்ணையில் மிச்ச மாடுகளும், பச்சைப் பால் குடிக்கும் பிள்ளைகளும் அப்படியே இருப்பார்கள். உடல் உள்ளே வரும்போதே எண்ணை எழுதி, உறுப்புகளோடு சேர்த்து நகர்த்தும் ஏற்பாடு இல்லாத இடத்தில் பரிசோதனை அரைகுறைதான்.

அடுத்து, கிளினிக்கிலிருந்து வருபவர்கள் இடறி விழும் இடம்: வகுக்கும் எண். கிளினிக்கில் எதிரே நிற்கும் விலங்குதான் உலகம். பொதுச் சுகாதாரத்தில் வராத விலங்குகளின் எண்ணிக்கையும் வேண்டும். நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடத்திவிட்டு "5,000 டோஸ் போட்டோம்" என்று அறிக்கை எழுதுகிறார்கள். எத்தனை நாய்களில் 5,000? 7,000-ல் என்றால் வெற்றி. 20,000-ல் என்றால் அந்த ஊரில் நோய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

70 சதவீதம் என்ற இலக்கு எங்கிருந்து வந்தது? ஒரு வெறிநாய் சராசரியாக இரண்டுக்கும் குறைவான நாய்களுக்கே நோயைக் கடத்துகிறது. ஆகவே எந்த நாளிலும் ஏறக்குறைய பாதி நாய்களுக்குப் பாதுகாப்பு இருந்தால் சங்கிலி அறும். ஆனால் நாய்கள் சாகும், குட்டிகள் பிறக்கும். 1,000 நாய்களில் 700-க்கு இன்று போட்டு, ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கு நாய்கள் மாறிவிட்டால் போட்டவற்றில் மிஞ்சுவது 467. 70 என்பது இந்தச் சரிவுக்கும் இடம் விட்ட எண். முகாம் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் அந்த இடம் சுருங்குகிறது.

இதை அளக்கப் பெரிய செலவு இல்லை. ஊசி போட்ட நாய்க்குக் கழுத்துப் பட்டையோ, முதுகில் சாயக் கோடோ போடுங்கள். மறுநாள் விடியற்காலையில், நாய்கள் தெருவில் இருக்கும் நேரத்தில், முன்கூட்டியே குறித்த தெருக்களில் நடந்து அடையாளம் உள்ளவை, இல்லாதவை என்று எண்ணுங்கள். அடையாளம் உள்ளவை 60 சதவீதத்துக்குக் கீழே வந்த தெருவுக்கு அன்றே திரும்பப் போகலாம். பலரும் செய்யும் தப்பு, மூன்று மாதம் ஆகாத குட்டிகளை விட்டுவிடுவது. கிளினிக் அட்டவணையின் பழக்கம் அது. பெருமுகாமில் குட்டிக்கும் போட வேண்டும் என்பதே உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல், ஏனென்றால் அடுத்த முகாமுக்குள் அந்தக் குட்டி தெருவில் ஓடும் நாயாகிவிடும். ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் வெறிநோயில் சாகிறார்கள் என்பது மதிப்பீடு, அதில் 99 சதவீதம் நாய் வழி. இத்தனை உயிர் ஒரு விலங்குத் தடுப்பூசியில் தொங்குகிறது.

அதே நோயின் ஆய்வக மாதிரியும் கைவேலை தெரிந்தவர்களால்தான் உருப்படும். சந்தேக நாயைத் தலையில் அடித்தோ சுட்டோ கொன்றால் மூளை கூழாகிவிடும், பரிசோதிக்க ஒன்றுமிருக்காது. தலையை இரட்டைப் பையில் கட்டி, கசியாத பெட்டியில் ஐஸ் பொதிகளோடு அனுப்ப வேண்டும். உறையவைக்கக் கூடாது, வைரஸை ஒளிரவைத்துக் காட்டும் வழக்கமான பரிசோதனைக்கு ஃபார்மலினில் போடவும் கூடாது. எடுக்க வேண்டியது மூளைத்தண்டும் சிறுமூளையும். மூளைச் செல்களில் நெக்ரி உடல் என்ற புள்ளிகளை நுண்ணோக்கியில் தேடிய பழைய காலத்துப் பழக்கத்தில் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியை மட்டும் அனுப்பி "நோய் இல்லை" என்று பதில் வாங்கினால் அதை நம்ப முடியாது. கூடவே போகும் படிவத்தில் கடிபட்டவர்கள் எத்தனை பேர், எந்தத் தேதி, தொடர்பு எண் எல்லாம் இருக்க வேண்டும். முடிவு வரும்வரை மனிதருக்கான சிகிச்சையை நிறுத்திவைக்கச் சொல்லும் உரிமை நமக்கில்லை.

பரிசோதனை முடிவை வாசிப்பதும் இந்தத் தொழிலின் பாதி. 10,000 மாடுகள் உள்ள பகுதியில் 10-க்குத்தான் கன்று வீச்சு நோய் (புருசெல்லோசிஸ்) என்று வைத்துக்கொள்வோம். 99 சதவீதம் நோயைப் பிடிக்கும், 99 சதவீதம் நலமானதை நலம் என்று சொல்லும் பரிசோதனை நம் கையில். எல்லா மாட்டையும் சோதித்தால் நோயுள்ள 10 மாடுகளும், நலமான 9,990-ல் 100 மாடுகளும் சேர்ந்து சிக்கும். ஆக 110 மாட்டில் நிஜ நோய் 10-க்குத்தான். இந்தக் கணக்குத் தெரியாமல் 110 மாடுகளையும் அழிக்கச் சொல்லும் அதிகாரி நூறு குடும்பங்களின் பிழைப்பில் மண் போடுகிறார். இரண்டாவது, வேறு வகைப் பரிசோதனை எதற்கு என்பது இங்கே புரியும்.

அதேபோல "நோய் இல்லை" என்று சொல்லவும் கணக்கு உண்டு. பெரிய மந்தையில் முறையாகக் குலுக்கி எடுத்த 300 மாட்டில், நம்பகமான பரிசோதனையில் ஒன்றுகூட மாட்டவில்லை என்றால், நோய் இருந்தாலும் 1 சதவீதத்துக்குக் கீழேதான் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 5 சதவீத அளவுக்கு 60 போதும். சாலையோரம் கைக்குச் சிக்கிய மாடுகளிலேயே 300-ஐயும் எடுத்தால் இந்த உறுதி எதுவும் ஒட்டாது.

கணக்கோடு காதும் வேண்டும். மனிதன் ஒழித்த நோய்கள் இரண்டே இரண்டு: பெரியம்மை, 1980. மாட்டு வெக்கை நோய், 2011. இரண்டாவது முழுக்க நம் துறையின் வேலை. வால்டர் ப்ளோரைட் கென்யாவில் உருவாக்கிய திசு வளர்ப்புத் தடுப்பூசி அதற்கு அடித்தளம். ஆனால் கடைசிக் கட்டத்தில் தடுப்பூசி மட்டும் காரியத்தை முடிக்கவில்லை. சாலையும் மின்சாரமும் இல்லாத கிழக்கு ஆப்பிரிக்க மேய்ச்சல் நிலங்களில், வெப்பம் தாங்கும் தடுப்பூசியை மேய்ப்பவர்களிடையே பயிற்சி பெற்றவர்களே போட்டார்கள். எந்த மந்தையில் நோய் இன்னும் ஒளிந்திருக்கிறது என்பதையும் மேய்ப்பவர்களைக் கேட்டே கண்டுபிடித்தார்கள். இழப்பீடு தாமதமானால் பண்ணையாளர் நோயை மறைப்பார், இரவோடு இரவாக விற்பார் என்பதும் இந்தக் காது உள்ளவருக்குத்தான் முன்கூட்டித் தெரியும்.

படிப்பு பற்றிக் கேட்பவர்களுக்கு: பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம் நல்லதுதான், ஆனால் என்னைக் கேட்டால் கள நோய்ப்பரவியல் பயிற்சி அதைவிட மேல். இரண்டாண்டு வேலை செய்தபடியே கற்கும் முறை அது. 1951-ல் அமெரிக்காவில் தொடங்கிய நோய்ப் புலனாய்வுப் பணியின் வழியில் பல நாடுகளில் நடக்கிறது, கால்நடை மருத்துவர்களுக்கென்றே தனிப் பிரிவு நடத்தும் இடங்களும் உண்டு. அதற்கும் முன்பே, 1947-ல், ஜேம்ஸ் ஸ்டீல் என்ற கால்நடை மருத்துவர் அதே நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் நமக்கென ஒரு பிரிவைத் தொடங்கிவிட்டார். எங்கே சேர்ந்தாலும் நோயாளி வரையறை (யாரை நோயாளி என்று எண்ணுவது) எழுதுவது, வரிசைப் பட்டியல் (ஒரு நோயாளிக்கு ஒரு வரி) போடுவது, நோய் வளைகோடு (எந்த நாளில் எத்தனை பேர்) வரைவது, இந்த மூன்றும் தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும். ஒரே பக்கத்தில் அறிக்கை எழுதப் பழகுங்கள். இருபது பக்கத்தை எந்த அதிகாரியும் நெருக்கடி நாளில் படிக்கமாட்டார்.

குறையும் சொல்லிவிடுகிறேன். மனித சுகாதாரத் துறைகளில் மேல் பதவிகளை மனித மருத்துவப் பட்டத்துக்கு மட்டும் ஒதுக்கும் விதிகள் பல இடங்களில் இருக்கின்றன. நோய்ப்பரவியலில் தேர்ந்த ஒருவரை அவர் பட்டத்தின் பெயருக்காக ஒதுக்குவது நியாயமில்லை, மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பெருமளவில் விலங்குகளை அழிக்கும் வேலை மனதை அரிக்கும் என்பதையும் யாரும் முன்பே சொல்வதில்லை. ஒரே ஆள் வாரக்கணக்கில் அதைச் செய்யக் கூடாது, சுழற்சி முறை கேட்டு வாங்குங்கள்.

உடம்பையும் காத்துக்கொள்ள வேண்டும். வெறிநோய்க்கான முன்தடுப்பூசி முதல் நாளும் அதிலிருந்து ஏழு நாள் கழித்தும், களத்துக்குப் போவதற்கு முன்பே. பிறகு கடிபட்டால் உடனே 15 நிமிடம் சோப்பு போட்டுக் கழுவி, அன்றும் மூன்று நாள் கழித்தும் என இரண்டு ஊசி. கன்று வீச்சுத் தடுப்பூசி உயிருள்ள கிருமி, கன்று திமிறும்போது ஊசி நம் கையில் ஏறுவது சாதாரணம். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். குத்திவிட்டால் மருத்துவரிடம் தடுப்பூசியின் பெயரைச் சொல்ல வேண்டும், எஸ்19-ஆ ஆர்பி51-ஆ என்று. ஆர்பி51 கிருமிக்கு ரிஃபாம்பிசின் வேலை செய்யாது, சிகிச்சையே மாறும்.

புதிதாகப் பணியில் சேர்பவர்கள் முதல் வாரமே பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய், காய்ச்சல் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவரையும் ஆய்வகத்தில் இருப்பவரையும் சந்தித்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே நாய்க்கடிப் பதிவேடு இருக்கும். கடந்த ஆறு மாதத்துப் பக்கங்களைப் புரட்டி, ஒரே நாய் ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் கடித்த நாள் எது, எந்தத் தெரு என்று குறித்துக்கொண்டு, அந்தத் தெருவிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.