ப்ளஸ் டூ முடித்தால் ஒரே வருடத்தில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா?

ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் வரைக்கும் இந்த வருடமும் அந்தத் தனியார் கல்லூரியின் ஃபிளக்ஸைக் கட்டிவிட்டார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் படம். கீழே, ‘ப்ளஸ் டூ போதும், ஒரே வருடத்தில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்!’ பார்க்கப் பார்க்கப் பற்றி எரிகிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் மனநலப் பிரச்சினைகளைக் கண்டறிந்து சிகிச்சை தரும் உளவியல் நிபுணர். ஒரே வருடத்தில் ஆகிவிடலாம் என்பது அப்பட்டமான பொய்.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. ஆர்.சி.ஐ. (இந்தப் படிப்புகளை அங்கீகரித்து, படித்தவர்களைப் பதிவு செய்யும் மத்திய அரசு அமைப்பான இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகரித்த கல்வி நிறுவனத்தில் கிளினிக்கல் சைக்காலஜி படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் சைக்காலஜியில் முதுகலை முடித்து, அதற்கு மேல் மேற்பார்வையோடு கூடிய பயிற்சி உள்ள இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். முடித்திருக்க வேண்டும். ப்ளஸ் டூ டிப்ளமோவுக்கு அதில் இடமே கிடையாது.

என் அக்கா மகள் அந்தக் கல்லூரியில்தான் படித்தாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் வருமானம் கிடையாது. சரியாக அந்த நேரத்தில்தான் அட்மிஷன் ஆட்கள் வீடு வீடாக வருகிறார்கள், ‘இந்த வாரமே கட்டினால் சலுகை’ என்று. அக்கா தோட்டையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கட்டினாள்.

அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? கவுன்சலிங் லேப் என்று ஒரு ரூம். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டிஷ்யூ டப்பா, சாவி ஆபீஸில். கேஸ் ஸ்டடி ரெக்கார்டைச் சீனியர் நோட்டைப் பார்த்து, பேரையும் வயதையும் மட்டும் மாற்றி எழுதச் சொன்னார்கள். அதற்கு ஒரு கையெழுத்து, ஒரு சீல்.

இத்தனைக்கும் இதே மாவட்டத்தில் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிச் செத்த ஊர். மனநலப் படிப்பு நடத்துகிறோம் என்று சொல்பவர்கள் ஒரு நாளாவது பிள்ளைகளை அங்கே கூட்டிப்போயிருக்க வேண்டாமா? அங்கே நடந்ததைப் பற்றி ஒரு வகுப்பாவது எடுத்திருக்க வேண்டாமா? புருஷன் இலங்கைச் சிறையில் கிடக்க, தூக்கமில்லாமல் தவிக்கிற பெண்கள் இந்தக் கரை நெடுகிலும் இருக்கிறார்கள். உட்கார்ந்து அவர்கள் பேச்சைக் கேட்க முறையாகப் பயின்ற ஆள்தான் இல்லை.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி இன்டர்வியூவில் அவளிடம் முதலில் கேட்டதே ஆர்.சி.ஐ. பதிவு எண்தான். “மாமா, அப்படி ஒன்னு இருக்குன்னே காலேஜ்ல யாரும் சொல்லலையே” என்று போனில் அழுதாள். கல்லூரியில் போய்க் கேட்டால், ‘நாங்க கவுன்சலிங் சர்டிஃபிகேட்தான் தர்றோம்னு ஃபார்ம்லயே இருக்கே’ என்கிறார்கள். அப்படியென்றால் ஃபிளக்ஸில் ஏன் வேறு மாதிரி போட்டீர்கள்? அதற்குப் பதில் இல்லை.

பிள்ளையைச் சேர்க்கப்போகிறவர்கள் ஆர்.சி.ஐ. அங்கீகாரக் கடிதத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது, அதிலும் தேடுங்கள். காட்ட மறுத்தால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அக்கா கட்டிய பணத்தை நான் விடப்போவதில்லை. ஃபிளக்ஸ் போட்டோவையும் ஃபீஸ் ரசீதையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கப் போகிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் ரசீதோடு வாருங்கள், சேர்ந்தே கொடுப்போம்.