83 வீதத்தில் நின்ற பிக்கப்

மூன்று நாளாக என் டீசல் பிக்கப் கொக்குவிலில் ஒரு கராஜ் வாசலில், மாமரத்துக்குக் கீழே நிற்கிறது. இழுவை கூடும், டீசல் மிச்சம் என்று யாரோ சொல்ல, எஞ்சின் கொம்பியூட்டருக்குப் புது டியூனிங் ஏற்றப் போனேன். என் புத்தி! கராஜ் பெடியன் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி சொக்கெற்றில், அதுதான் எஞ்சின் கொம்பியூட்டரோடு பேசுகிற இடத்தில், வயரைச் செருகினான். லப்டொப்பில் பச்சைக் கோடு 83 வீதம் வரை வந்தது. அப்புறம் சிவப்பு எழுத்து.

"பற்றரிக்குச் சார்ஜர் போட்டனீரோ தம்பி?"

"புதுப் பற்றரிதானே அண்ணை, காணும்."

எங்கே காணும்? சாவி ஓனில் இருந்தால் சும்மா நிற்கிற வண்டியும் கரண்டை உறிஞ்சும். வோல்ற் இறங்கினால் ஏற்றுவது பாதியில் அறுந்துவிடும். பழையதை அழித்துவிட்டுத்தான் புதியது எழுதப்படும் என்பதால், இப்போது உள்ளே இரண்டுமே உருப்படியாக இல்லை. ஸ்டார்ட்டர் கர்கர் என்று சுற்றுகிறது, இஞ்செக்டர் ஒரு சொட்டு டீசல் விடாது. கோளாறு பார்க்கிற ஸ்கேனருக்கும் பதில் இல்லை.

பழைய பைலை எடுத்து வைத்தீரா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

இனி எஞ்சின் கொம்பியூட்டர்ப் பெட்டியைக் கழற்றி, மேசையில் வைத்து, பூட் மோடில், அதாவது அதன் சிப்புக்கே நேரடியாக, எழுதவேண்டுமாம். எப்போது? "நாளைக்கு அண்ணை." நேற்றும் அதுதான் சொன்னான். சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் இன்றைக்கும் வாடகை லான்ட்மாஸ்டர் இரு சக்கர உழவு இயந்திரத்தில்தான் போகிறது.