4 மணி நேரத் தூக்கம் போதுமா?

"சாதித்தவர்கள் எல்லாம் 4 மணி நேரம்தான் தூங்கினார்கள், உடம்பு தானாகப் பழகிவிடும்." எங்கள் வேளச்சேரி குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் இது மூன்றாவது முறையாக வந்திருக்கிறது. தவறான தகவல்.

உடம்பு பழகுவதில்லை. களைப்பு தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். 2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் சிலரை இரவுக்கு 4 மணி நேரமும் சிலரை 6 மணி நேரமும் என 14 நாட்கள் தூங்கவைத்தார்கள். கவனம் நாளுக்கு நாள் சரிந்தது. இரண்டு இரவுகள் வரை கொட்டக் கொட்ட விழித்திருந்தவர்களின் நிலைக்குப் போனது. குறைவாகத் தூங்கியவர்களுக்கோ அது பெரிதாக உறைக்கவே இல்லை. தாம்பரம் மின்ரயிலில் கம்பியைப் பிடித்தபடியே சொக்கி விழுபவரைக் கேளுங்கள், "பழகிடுச்சு சார்" என்பார்!

குறைந்த தூக்கத்திலேயே நலமாக இருக்கும் மரபணு வாய்த்தவர்கள் உண்டு. மிக மிக அரிது. மற்ற பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும்.

சரி, தூக்கம் வரவில்லையா? மாலை 6 மணி ஃபில்டர் காபியின் காஃபீனில் ஏறக்குறைய பாதி, இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். அதை மதியத்தோடு நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்துக்கு எழுங்கள். அப்புறம் போன், அது ஹாலிலேயே சார்ஜ் ஆகட்டும்.