"எனக்கு எதுவானாலும் சரி"

ரயில் கதவு மூடியபோது தோழி உள்ளே இருந்தாள், நான் நடைமேடையில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டி ஏதோ சொன்னாள். "அங்கேயே நில்" என்றாளா, "அடுத்த வண்டியில் வா" என்றாளா, புரியவில்லை. வண்டி போய்விட்டது.

அந்த ஊரில் வேலை செய்யும் சிம் அவள் போனில் மட்டும்தான் இருந்தது. நான் அவள் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருந்தேன். நாங்கள் தங்கியிருந்த விடுதியின் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. நான்கு நாளாக அவள் பின்னால் நடந்ததோடு சரி.

அடுத்த வண்டியில் ஏறி அடுத்த நிலையத்தில் இறங்கினேன். அவள் அங்கே இல்லை. என்னைத் தேடி எதிர்த் திசை வண்டியில் திரும்பிப் போயிருக்கிறாள். முக்கால் மணி நேரம் கழித்து, முதல் நிலையத்தின் அதே தூணருகே அவளைப் பார்த்தபோது அவள் கண் சிவந்திருந்தது.

அன்று இரவு கேட்டாள்: "இந்த நாலு நாள்ல ஒரு தடவையாவது நீ மேப்பைத் திறந்து பார்த்தியா?"

என்னிடம் பதில் இல்லை. ஒவ்வொரு முறை கேட்டபோதும் "எனக்கு எதுவானாலும் சரி" என்றுதான் சொல்லியிருந்தேன். விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் வேலை முழுவதையும் அவள் தலையில் கட்டியிருக்கிறேன்.

பயண நிறுவனத்தோடு போனால் இதெல்லாம் தெரியாது, யாரோ முடிவு செய்கிறார்கள். நாமாகவே போகும்போது விடிந்ததிலிருந்து முடிவுகள்தான். ரயில் நிலையத்தின் எந்த வாசலில் ஏறி வெளியே போவது, புரியாத மொழியில் இருக்கும் டிக்கெட் இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அழுத்துவது, அறை கிடைக்கும் வரை பெட்டிகளை எங்கே வைப்பது, கடைசி வண்டி எத்தனை மணிக்கு. ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான். ஆனால் சாயங்காலத்துக்குள் முடிவெடுத்தவரின் தலை கனத்துப் போகிறது. இன்னொருவர் அதே தூரம் நடந்திருந்தாலும் உற்சாகமாக இருக்கிறார். சண்டை அங்கேதான் பிறக்கிறது. மேலுக்கு அது சாப்பாட்டைப் பற்றியோ தாமதத்தைப் பற்றியோ இருக்கும்.

அதனால் இப்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு: ஒரு நாள் அவள் வழி பார்ப்பாள், மறுநாள் நான். தன் முறை இல்லாதவர் குறை சொல்லக் கூடாது. இரண்டு போனிலும் சிம், இரண்டிலும் இணையம் இல்லாமலே திறக்கும் வரைபடம், விடுதி முகவரி இருவரிடமும் காகிதத்தில். பாஸ்போர்ட் நகலை மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறோம், என்னுடையது அவள் பையில், அவளுடையது என் பையில். ரயிலில் பிரிந்தால் உள்ளே இருப்பவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அசையாமல் நிற்க வேண்டும், வெளியே இருப்பவர் அடுத்த வண்டியில் வர வேண்டும்.

விசா விஷயத்திலும் "நாம் இருவரும்" என்று யோசிக்கக் கூடாது. ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவில் சுற்றி வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில், குறுகிய காலப் பயணம் என்றால் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் மொத்தம் 90 நாள்தான் தங்கலாம். அந்தக் கணக்கு ஒவ்வொருவருக்கும் தனி. கூட வருபவர் இரண்டு மாதம் முன்பு அலுவலக வேலையாக அங்கே போய் வந்திருந்தால் அவருக்கு மிச்சம் இருக்கும் நாள் குறைவு. டிக்கெட் போடும் முன்பே உட்கார்ந்து எண்ணிவிடுங்கள்.

பணத்துக்கு ஒரு பொதுப் பர்ஸ், இருவரும் சமமாகப் போடுவது. அப்புறம், கார்டு தேய்க்கும்போது இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்திலா, இந்த ஊர்ப் பணத்திலா" என்று கேட்டால் ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். நம் நாட்டுப் பணத்தைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதம் அந்த இயந்திரக்காரர்கள் வைப்பதுதான், பெரும்பாலும் நமக்கு நஷ்டம். பர்ஸ் யார் கையில் இருந்தாலும் இது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அரை நாளாவது தனித்தனியாகச் சுற்றுங்கள் என்றும் சொல்வேன். அவளுக்கு அருங்காட்சியகம், எனக்கு ஆற்றங்கரை. ராத்திரி பேச விஷயம் இருக்கும்.

போன பயணத்தில் என் முறை வந்த நாளன்று தவறான வாசலில் ஏறி வெளியே வந்துவிட்டோம். மழை. வரைபடத்தில் நீலப் புள்ளி எந்தப் பக்கம் பார்க்கிறது என்றே எனக்குப் பிடிபடவில்லை. அவளுக்கு வழி தெரிந்திருக்கும், முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் போனை என் கையிலிருந்து வாங்கவில்லை. குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தபடி, நான் கண்டுபிடிக்கும்வரை நின்றாள்.