தேய்ந்த ப்ரூஃப் நாணயம்: வைத்துக்கொள்வதா, விற்பதா?

சேகரிப்பாளர்களுக்கென்றே தனியாக அடிக்கும் ப்ரூஃப் நாணயம் புழக்கத்தில் அடிபட்டுப் போனால், அதை யாரிடம் காட்டினாலும் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். "கெட்டுப் போச்சு, செலவு பண்ணிடு" என்பார் ஒருவர். "ப்ரூஃப் ஆச்சே, பத்திரமா வை, விலை ஏறும்" என்பார் இன்னொருவர். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. இரண்டு பேருமே ப்ரூஃப் என்ற பெயரைத்தான் பார்க்கிறார்கள், கையில் இருக்கும் நாணயத்தைப் பார்ப்பதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். மெருகேற்றிய அச்சு, மெருகேற்றிய வெற்று வில்லை, ஒரு தடவைக்கு மேல் அழுத்தமான அடி: இப்படித்தான் ப்ரூஃப் உருவாகிறது. தளம் கண்ணாடி மாதிரி மின்னும், உருவம் வெண்மையாகப் பூத்து நிற்கும். அதாவது ப்ரூஃப் என்பது செய்முறை, தரம் அல்ல. பத்து வருடம் சட்டைப்பையில் உரசிக் கிடந்தாலும் அது ப்ரூஃப்தான். கிரேடிங் செய்பவர்களும், அதாவது கட்டணம் வாங்கி நாணயத்தின் நிலைக்கு எண் போடுபவர்களும், அப்படித்தான் பார்க்கிறார்கள். 70 வரை போகும் அளவுகோலில் 60-க்குக் கீழே எண் கொடுத்து "பிஆர் 50", "பிஆர் 45" என்று (பிஆர் என்றால் ப்ரூஃப்) எழுதுவார்களே தவிர, ப்ரூஃப் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

பெட்டியில் இருக்க வேண்டியது தெருவுக்கு எப்படி வந்தது? தாத்தாவின் சேகரிப்பைப் பேரன் மிட்டாய்க்குச் செலவழித்திருக்கலாம், திருடியவனுக்கு அருமை தெரியாமல் இருந்திருக்கலாம். வியாபாரிகளே ஒரு பெட்டியாக வரும் ப்ரூஃப் செட்டை உடைத்து, தேவையான ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு மீதியைச் சில்லறையாகத் தள்ளுவதும் நடக்கிறது.

இருப்பது ப்ரூஃப்தானா என்பதே பாதிப் பேருக்குச் சந்தேகம். அமெரிக்க நாணயத்தில் எந்த நாணயச்சாலை அடித்தது என்பதை ஒரு சிறு எழுத்து சொல்லும்; சான் பிரான்சிஸ்கோவுக்கான 'எஸ்' குறியைப் பார்த்ததும் ப்ரூஃப் என்று துள்ளிக் குதிக்கிறார்கள். 1968 முதல் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை ப்ரூஃப்களை அடித்து வருவது உண்மைதான். ஆனால் 1968-லிருந்து 1974 வரை அதே 'எஸ்' குறியோடு சாதாரண ஒரு சென்ட் நாணயங்களும் புழக்கத்துக்குப் போயின. 2012 முதல் ப்ரூஃப் அல்லாத 'எஸ்' கால் டாலர்களும் சேகரிப்பாளர்களுக்காக வந்தன. குறியை மட்டும் நம்ப முடியாது.

நான் பார்ப்பது எழுத்துகளின் இடுக்கை. ஒற்றை விளக்குக்குக் கீழே நாணயத்தை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். திறந்த தளம் விரலும் மேசையும் பட்டு மங்கிப் போயிருக்கும். ஆனால் இரண்டு எழுத்துகளுக்கு நடுவிலும், 8 அல்லது 9-இன் சுழிக்குள்ளும் எதுவும் உரசியிருக்காது. அங்கே பழைய கண்ணாடி ஒரு பொட்டு அளவுக்கு அப்படியே ஒளிந்திருக்கும், சாய்க்கும்போது பளிச்சென்று வெட்டும். விளிம்பும் காட்டிக்கொடுக்கும்: சாதாரண நாணயத்தின் விளிம்பு உருண்டு இறங்கும், ப்ரூஃபில் அது கத்தரித்தது போல நேராக நிற்கும். இதற்கு மேலே போய்ப் பூதக்கண்ணாடியில் மணிக்கணக்கில் உட்காருவது அவரவர் ஆசை.

சரி, ப்ரூஃப்தான் என்று தெரிந்தாயிற்று. இனி அதை மறந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த நாணயத்தைத் தேடி வரக்கூடியவர் யார்?

கடந்த நாற்பது, ஐம்பது வருடங்களில் வந்த சாதாரண செம்பு-நிக்கல் ப்ரூஃப் என்றால் யாரும் இல்லை. லட்சக்கணக்கில் அடித்தவை, பெட்டியோடு மாசு மருவில்லாமல் இன்றும் சுலபமாகக் கிடைக்கின்றன. அப்படி இருக்க, கீறல் விழுந்ததை எவர் வாங்குவார்? செலவு செய்யுங்கள், அல்லது குழந்தைகளிடம் கொடுங்கள். விலை ஏறும் என்று அலமாரியில் பூட்டி வைப்பதில் அர்த்தம் இல்லை.

செலவழிக்கும் முன் பக்கவாட்டை ஒரு தடவை பாருங்கள். 1992 முதல் அமெரிக்காவில் வெள்ளி ப்ரூஃப் செட்டுகளும் தனியாக வருகின்றன. செம்பு-நிக்கல் கால் டாலரின் பக்கவாட்டில் செம்புக் கோடு தெரியும், வெள்ளியில் தெரியாது. 2018 வரை 90 சதவீத வெள்ளி, அதாவது 6.25 கிராம் கால் டாலரில் 5.6 கிராமுக்கு மேல் வெள்ளி. 2019 முதல் 99.9 சதவீதம். எவ்வளவு தேய்ந்தாலும் உலோக விலை உண்டு. இதை விற்பதற்குத் தயங்கவே வேண்டாம், ப்ரூஃப் என்பதற்காகக் கூடுதலாக எதிர்பார்க்கவும் வேண்டாம்.

கதை முற்றிலும் மாறுவது, அந்த வருடத்தில் ப்ரூஃப் மட்டுமே இருக்கிறது என்னும்போது. பிலடெல்பியா நாணயச்சாலையின் 1895 மார்கன் டாலர் (பழைய அமெரிக்க வெள்ளி டாலர் வரிசை) இதற்குப் பெரிய உதாரணம். நாணயச்சாலைக் கணக்கில் 12,000 சாதாரண நாணயங்களும் 880 ப்ரூஃப்களும் உண்டு. அந்த 12,000-இல் ஒன்றைக்கூட இதுவரை எவரும் உறுதியாகக் காட்டியதில்லை. மார்கன் வரிசையை முழுமையாக்க நினைக்கும் எல்லோரும் அந்த 880-இல் மிஞ்சியதற்குத்தான் வரிசையில் நிற்க வேண்டும். தேய்ந்ததா, அடிபட்டதா என்று யாரும் மூக்கைச் சுளிப்பதில்லை. 1877, 1878 ஷீல்ட் நிக்கல்களும் (நிக்கல் என்றால் ஐந்து சென்ட் நாணயம்), 1879 முதல் 1883 வரையிலான ட்ரேட் டாலர் என்னும் வெள்ளி டாலர்களும் இதே ரகம். இப்படி ஒன்று அகப்பட்டால் கிரேடிங் கட்டணம் கட்டுவதற்கு யோசிக்கவே கூடாது. பிலடெல்பியா டாலரில் குறியே கிடையாது; 1895-இல் 'ஓ' (நியூ ஆர்லியன்ஸ்), 'எஸ்' குறியுள்ள டாலர்களும் வந்திருப்பதால், அந்தக் குறியைச் சுரண்டி எடுத்துவிட்டு ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். பின்பக்கம் மலர்வளையத்துக்குக் கீழே சுரண்டிய தடம் தெரிகிறதா என்று பார்க்காமல் கனவு காணாதீர்கள்.

அச்சுப் பிழைகள் இன்னொரு வகை. 1968, 1970, 1975, 1983 ஆண்டுகளில் 'எஸ்' குறி விடுபட்ட ப்ரூஃப் டைம்கள் (பத்து சென்ட் நாணயங்கள்) உண்டு, 1971-இல் அப்படி நிக்கல், 1990-இல் ஒரு சென்ட். இவை தேய்ந்து வந்தால் பெரும்பாலும் கண்ணில் படாமலே போய்விடும். ஏனென்றால் அந்தக் காலத்து பிலடெல்பியா டைமில் குறியே கிடையாது, இதுவும் அப்படித்தான் இருக்கும். எழுத்து இடுக்கைப் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான். 1983 டைம் மட்டும் கொஞ்சம் சுலபம். அப்போது பிலடெல்பியா 'பி' குறி போட ஆரம்பித்துவிட்டது, ஆகவே எந்தக் குறியும் இல்லாத 1983 டைம் உடனே சந்தேகத்துக்குரியது.

இனி வருவதுதான் நிஜமான தலைவலி: 19-ஆம் நூற்றாண்டு ப்ரூஃப், அடித்ததே சில நூறு, ஆனால் அதே வருடத்துச் சாதாரண நாணயம் தாராளமாகக் கிடைக்கிறது. "உலகத்திலேயே சில நூறுதான்" என்று விற்கப் போகிறவர் வாடிய முகத்தோடு திரும்புவார். ப்ரூஃப் வாங்குபவருக்குக் கண்ணாடித் தளம் வேண்டும். அந்த வருடம் மட்டும் வேண்டும் என்பவருக்குச் சாதாரண நாணயமே போதும். இரண்டு பேருக்கும் நடுவில் உங்கள் நாணயம் அநாதையாக நிற்கிறது. இந்த ரகத்தை விற்காதீர்கள் என்பேன். அரிதாக இருந்தும் கேட்பாரில்லாத பொருளைச் சந்தையில் வைத்தால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும். வைத்திருந்தால், நல்ல நிலையில் வாங்க நம்மால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத ஒரு ப்ரூஃப் கையில் இருக்கிறது. வாங்குபவர் பக்கம் நின்றால் நான் தேடித் தேடி எடுப்பது இதைத்தான்.

எந்த வகையானாலும் பாலிஷ் மட்டும் போடாதீர்கள். பழையபடி மின்ன வைக்கிறேன் என்று பற்பசையும் துணியுமாக உட்காருபவர்கள் தேய்மானத்தின் மேல் மெல்லிய கீறல்களையும் சேர்க்கிறார்கள். நேர்மையாகத் தேய்ந்த ப்ரூஃபுக்காவது எண் கிடைக்கும், தேய்த்துக் கழுவியதற்கு "சுத்தம் செய்யப்பட்டது" என்ற குறிப்புதான் கிடைக்கும். பிவிசி பிளாஸ்டிக் உறையில் கிடந்து பச்சைப் பிசுக்கு ஒட்டியிருந்தால் சுத்தமான அசிட்டோனில் நனைத்து எடுக்கலாம், துடைக்கக் கூடாது.

விற்பது என்று முடிவெடுத்தால், சாய்ந்த வெளிச்சத்தில் கீறல்களும் தெரியும்படி படம் எடுத்துப் போடுங்கள். கண்ணாடிப் பளபளப்பை மட்டும் காட்டி விற்ற நாணயம் திரும்பி வரும், கூடவே சண்டையும் வரும்.