கீழ்ஒட்டிவாக்கத்து சுபேதார்

1944 பிப்ரவரி 24. இத்தாலியில் மிக்னானோ என்ற ஊர். கண்ணிவெடி தேடிப் போன சாப்பர் குழு ஒன்று; சாப்பர் என்றால் ராணுவத்தின் பொறியியல் பிரிவு வீரர். அதில் நம்ம காஞ்சிபுரம் பக்கம் கீழ்ஒட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்ரமணியன். கூட வந்த ஒருவரின் கால் வெடியில் பட்டுவிட்டது. கால் பட்ட உடனே வெடிக்கும் ரகமில்லை அது, சில நொடி தாமதிக்கும். அந்த நொடிகளில் தப்பிக்கப் பார்க்கலாம். சுபேதார் அந்த வெடியின் மேலேயே விழுந்தார். மற்றவர்கள் பிழைத்தார்கள்.

வெடியோடு பழகுவதே சாப்பரின் வேலை. என்ன ஆகும் என்று தெரிந்துதான் விழுந்தார். இதை எழுதும்போது இப்பவும் எனக்குக் கை நடுங்குகிறது.

ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். எதிரி நேரில் இல்லாத இடத்தில் காட்டும் வீரத்துக்கு பிரிட்டன் தரும் மிக உயர்ந்த விருது. அதை வாங்கிய ஒரு தமிழ்க் கிராமத்து ஆளைப் பற்றி நான் படித்த எந்தப் பள்ளிப் பாடத்திலும் ஒரு வரி இல்லை. என் பிள்ளைகளின் புத்தகத்திலும் தேடினேன், இல்லை.

எனக்கு அவர் பெயரைச் சொன்னது அப்பா. அப்பாவும் மதராஸ் சாப்பர்ஸ்தான், பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் பயிற்சி எடுத்தவர். அந்தப் படையில் ஜவான்களைத் 'தம்பி' என்றுதான் சொல்வார்கள். பஞ்சாபி அதிகாரியும் 'தம்பி' என்பார். அதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவின் முகத்தில் ஒரு பூரிப்பு வரும். 1780-ல் மதராஸில் தொடங்கிய படை அது. பாலம் போடுவது, பாதை வெட்டுவது, வெடி எடுப்பது. காலாட்படை போகும் முன்னே தம்பி போயிருக்க வேண்டும்.

சுப்ரமணியன் இருந்தது அந்தப் படையின் 11-வது ஃபீல்ட் பார்க் கம்பெனி என்ற பிரிவில், நான்காவது இந்திய டிவிஷனோடு. அந்த பிப்ரவரியில்தான் அந்த டிவிஷன் மோன்டே கசினோ மலையடியில் ரத்தம் சிந்திக்கொண்டிருந்தது. மழை, சேறு, குளிர். காஞ்சிபுரத்து வெயிலில் வளர்ந்த உடம்பு அது.

அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்பார்: "வெள்ளைக்காரனுக்காகச் செத்தவரை எதுக்குக் கொண்டாடணும்?" நியாயமான கேள்விதான், அதனால் மழுப்பாமல் பதில் சொல்கிறேன். இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். யாரையும் சட்டம் போட்டு இழுத்துப் போகவில்லை. ஆனால் வீட்டில் அடுப்பு எரிய பட்டாளத்துச் சம்பளம் ஒன்றே வழி என்ற குடும்பங்கள் எத்தனையோ. அதே காலத்தில் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். அவர்களுக்கு நான் தலை வணங்குகிறேன். அதற்காக இவரைக் கூலிப்படை என்று சொல்ல எனக்கு நா எழாது. இரண்டு பக்கமும் போனது நம்ம வீட்டுப் பிள்ளைகள். அந்த வெடியின் மேல் விழுந்தபோது சுபேதாரின் கண்ணெதிரே லண்டன் மன்னரா நின்றார்? கூட நடந்து வந்த ஆட்கள்தானே நின்றார்கள்.

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்க வருகிறோம், கோயிலுக்கு வருகிறோம். அந்த மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காவது இந்தப் பெயர் தெரிய வேண்டும். ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் போதும். கல்வித்துறையில் இருக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து மேலே எடுத்துச் சொல்லுங்கள்.

அவர் உடல் ஊர் திரும்பவில்லை. இத்தாலியின் கிழக்குக் கரையில், அட்ரியாட்டிக் கடல் பக்கம் சாங்க்ரோ ஆற்றுப் போர்க் கல்லறை இருக்கிறது. எரியூட்டப்பட்ட இந்திய வீரர்களுக்கு அங்கே தனி நினைவுச்சின்னம். அதில் சுப்ரமணியன் பெயரும் இருக்கிறது. ரோம் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ போயிருக்கும் தம்பி தங்கைகளே, ஒரு நாள் லீவு போட்டு அங்கே போங்கள். அந்தப் பெயரைத் தமிழில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு வாருங்கள்.