அசனப் பந்தியில் இடமுண்டு, திடப்படுத்தல் வகுப்பில்?

நம்ம திருநெல்வேலி புராட்டஸ்டண்ட் சபைகளின் பெருமையைப் பேச வாய்ப்புக் கிடைத்தால் நான் விடமாட்டேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது 1890-ல். இந்தியாவின் முதல் பார்வையற்றோர் பள்ளி அமிர்தசரஸில் வந்து அப்போது மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அதே பத்தாண்டுக்குள் சுவைன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அரசாங்கம் இந்தப் பிள்ளைகளைப் பற்றி யோசிக்கக்கூட ஆரம்பிக்காத காலம் அது. இரண்டு பள்ளிகளும் இன்றைக்கும் பாளையில் நடக்கின்றன, அங்கே படித்து வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிறவர்கள் நம்ம ஜில்லா முழுக்க இருக்கிறார்கள்.

சரி, இவ்வளவு பெருமையையும் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறேன். உங்கள் கோயிலில் ஞாயிறு காலை ஆராதனையில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பிள்ளையை, ஆட்டிசம் உள்ள ஒரு பையனைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? உங்கள் சேகரத்தில், அதாவது உங்கள் குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளில், அப்படிப் பிள்ளைகளே இல்லையா, அல்லது அவர்கள் வீட்டில் யாரோ ஒருவர் ஆராதனைக்கு வராமல் அந்தப் பிள்ளையோடு தங்கிவிடுகிறார்களா? ரெண்டாவதுதான். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

பள்ளிக்கூடம் கட்டுவதும், விடுதி நடத்துவதும், கிறிஸ்துமஸுக்குப் போய்க் கேக் கொடுத்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும் நமக்கு வரும். அந்தப் பிள்ளைக்கு நம் விசுவாசத்தைச் சொல்லிக்கொடுப்பது மட்டும் வராது. சண்டே ஸ்கூல் என்றாலே மனப்பாட வசனம், வசனம் சொன்னால் பரிசு. வளர்ந்த பிள்ளைகளைச் சபையின் முழு அங்கமாக்கித் திருவிருந்துக்குச் சேர்க்கிற திடப்படுத்தல் என்றால் பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கேள்வி பதில். மனப்பாடம் வராத பிள்ளை முதல் வாரமே கழன்றுவிடும்.

என் அக்கா மகனுக்கு ஆட்டிசம். பேச்சு குறைவு, ஆனால் பாமாலைப் பாட்டுகளின் ராகம் ஒன்றுவிடாமல் தெரியும், ஆர்கனில் முதல் அடி வாசித்தாலே எந்தப் பாட்டு என்று பாட்டுப் புத்தகத்தில் எடுத்துக் காட்டுவான். அவன் வயசுப் பிள்ளைகள் திடப்படுத்தல் வகுப்புக்குப் பெயர் கொடுத்தபோது அக்காவும் கொடுத்தாள். அங்கே கிடைத்த பதில், "ஏம்மா பிள்ளையப் போட்டு சங்கடப்படுத்துதிய, ஆண்டவருக்கு அவனத் தெரியும்லா". கேட்பதற்கு அன்பான வார்த்தை. ஆனால் அதன் அர்த்தம், வராதே என்பதுதான். அதே சபையில் ஊருக்கே சாப்பாடு போடும் அசனப் பண்டிகைக்கு அவனுக்கு முதல் பந்தியிலேயே இலை போடுவார்கள், கூட ரெண்டு கரண்டி சாம்பாரும் ஊற்றுவார்கள். சாப்பாட்டில் யாரும் குறை வைப்பதில்லை.

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம், இது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை என்பதுதான். சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் தினமும் செய்வது என்ன? ஒரு பாடத்தைச் சின்னச் சின்ன படிகளாகப் பிரிப்பார்கள், அடுத்து என்ன நடக்கும் என்று படம் போட்ட அட்டையில் வரிசையாகக் காட்டுவார்கள், ஒரே விஷயத்தைப் பாட்டாக, சைகையாக, கையில் தொட்டுப் பார்க்கும் பொருளாகத் திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள். இப்போது நம்ம ஆராதனையை யோசித்துப் பாருங்கள். வாராவாரம் அதே வரிசை. எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பி, முழங்கால்படியிட வேண்டிய இடத்தில் முழங்கால்படியிட்டு, அதே ஜெபம், அதே ஆமென். அடுத்தது என்ன என்று தெரிந்தால்தான் நிம்மதியாக இருக்கும் ஒரு ஆட்டிசப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வகுப்பை யாராவது புதிதாகத் தயாரிக்க முடியுமா? எழும்பும் படம், பாட்டுப் புத்தகம் படம், காணிக்கைப் பை படம், திருவிருந்து படம் என்று ஒரு அட்டை செய்து கையில் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. கர்த்தருடைய ஜெபத்தை மொத்தமாகச் சொல்ல வராத பிள்ளைக்கு ஒரு மாதம் முதல் வரி மட்டும் போதும், அதுவும் கையைக் குவித்துக் காட்டினால் போதும்.

பிரச்சினை சத்தம். இப்போது எந்தக் கோயிலுக்குப் போனாலும் டிரம் செட், ஆளுயர ஸ்பீக்கர், அதைச் சுவரில் நாலு பக்கமும் மாட்டியிருக்கிறார்கள். நமக்கே காது அடைக்கிறது, ஒலியைத் தாங்க முடியாத பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்தினால் "பேய் பிடிச்ச மாதிரி கத்துதான்" என்று பின் வரிசையில் முனகல். ஸ்பீக்கரைக் கொஞ்சம் குறையுங்கள், வெளியே வந்து உட்கார ஒரு சின்ன அறையைத் திறந்து வையுங்கள். இதற்கு டயோசிஸிலிருந்து சர்க்குலர் வர வேண்டியதில்லை.

கத்தோலிக்கர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். போப்பாண்டவர் பத்தாம் பத்திநாதர் (பயஸ்) 1910-லேயே சொல்லிவிட்டார், புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பிள்ளைக்கு முழு ஞானோபதேசப் பாடமும் தெரிய வேண்டியதில்லை, நற்கருணை அப்பம் சாதாரண அப்பம் இல்லை என்று பிரித்தறியத் தெரிந்தால் போதும் என்று. பங்குக்குப் பங்கு நடைமுறை மாறும், அது வேறு கதை. வாசலாவது அகலமாக இருக்கிறது.

இன்னொரு பக்கம் சுகமளிக்கும் கூட்டங்கள். இதை எழுதினால் நிறையப் பேருக்குப் பிடிக்காது, பரவாயில்லை. ரெண்டு வயசில் பிள்ளை பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் அந்த வருஷம் பொன்னான வருஷம். மூளை வேகமாக வளர்கிற அந்த வயசில் பேச்சுப் பயிற்சியும் விளையாட்டுப் பயிற்சியும் கொடுத்தால் கிடைக்கும் பலன் பத்து வயசில் கொடுத்தால் கிடைக்காது. அந்த வருஷங்களைக் கன்வென்ஷன் கன்வென்ஷனாக அலைந்து, உபவாசக் கூட்டம் போய், "விசுவாசம் பத்தல" என்று மேடையில் திட்டு வாங்கிக் கழித்த தாய்மார்களை எனக்குத் தெரியும். ஜெபம் பண்ணுங்கள், நானும் பண்ணுகிறேன். ஆனால் திங்கட்கிழமை பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவனைக் காட்டி இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டதற்கு இயேசு சொன்ன பதில் எல்லோருக்கும் தெரியும், இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்று. அதை வாசித்துவிட்டே மேடையில் ஏறி சாபம், முன்னோர் பாவம் என்று பேசுகிறார்கள்.

நம்பிக்கையின் பெயரால் அடைத்துவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு தர்கா இருக்கும் ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த 28 மனநோயாளிகள் செத்தார்கள். 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கான தனியார் இல்லங்கள் பதிவுச் சான்று இல்லாமல் நடக்கக் கூடாது. ஊழியம் என்று போர்டு போட்டிருந்தாலும் அந்தச் சான்றைக் கேளுங்கள், காணிக்கை கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்.

மதம் மாற்றத்தான் இதெல்லாம் என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசியல் சாசனம் 28(3) தெளிவாக இருக்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்கார வைக்க முடியாது. விடுதியில் இருக்கும் இந்துப் பிள்ளை குலசை தசராவுக்கு வீட்டுக்குப் போய்வரட்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நான் கேட்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எங்கள் கோயிலில் இடம். அதே மாதிரி மேலப்பாளையத்தில் ஒரு தாய் மதரசாவில் கேட்கலாம். நபிகளின் முஅத்தின்களில், அதாவது பாங்கு சொல்பவர்களில், ஒருவரான அப்துல்லா இப்னு உம்மி மக்தூம் பார்வையற்றவர்தானே. தேவார வகுப்பு நடத்துகிறவர்களுக்கு பார்வையற்ற நாயன்மாரான தண்டியடிகளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பதினெட்டு வயசுக்கு மேல் நிலைமை இன்னும் மோசம். பள்ளி முடிந்துவிடும், பிள்ளை வீட்டுக்குள் முடங்கிவிடும், "எனக்கப்புறம் யாரு" என்று அம்மாக்கள் ராத்திரி தூங்குவதில்லை. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் இருக்கும் குழு மூலம் சட்டபூர்வக் காப்பாளரை நியமிக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. சபை மண்டபம் கல்யாணம் இல்லாத நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கிறது. வாரத்தில் ரெண்டு நாள் அதைத் திறந்து, இந்த இளைஞர்களுக்குக் கவர் ஒட்டவும் செடி வளர்க்கவும் பாட்டுப் பாடவும் ஏற்பாடு செய்தால் அந்த அம்மா பேங்குக்காவது நிம்மதியாகப் போய்வருவாள். கூடவே யாராவது ஒருவர் உட்கார்ந்து இந்தக் காப்பாளர் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கலாம்.

மே மாதம் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி வரும். பாட்டும் ஆக்‌ஷனும் கலர் பேப்பரும் உள்ள வகுப்பு அது, இந்தப் பிள்ளைகளைச் சேர்க்க அதைவிட லேசான இடம் கிடையாது. சேகர கமிட்டியில் இருப்பவர்கள் இதைப் படித்தால், வாலண்டியர் டிரெயினிங்கில் ஒரு மதியத்தை மட்டும் ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியருக்கு ஒதுக்குங்கள். பாளையில் ஆள் கிடைக்காமல் போகாது. சேர்க்கை ஃபாரத்தில் "பிள்ளைக்கு என்ன உதவி வேண்டும்" என்று ஒரு வரியும் அச்சடித்துவிடுங்கள். எங்கள் பக்கத்தில் யாராவது ஆரம்பித்தால் படம் போட்ட அட்டைகளை நான் செய்து தருகிறேன், இன்பாக்ஸில் சொல்லுங்கள்.